விரிசலுக்கு இந்தப் பக்கம்

நர்ஸ் முத்துச்செல்விதான் தம்பி மொதமொதல்ல எனக்குச் சொன்னது, மூணு வருசத்துக்கு முன்னாடி, சித்திரைத் திருவிழா முடிஞ்ச மறுநாளு. அம்மா, இனிமே உங்க மகன் விரல்ல குத்த வேணாம், கையில இந்த வில்லையை ஒட்டிட்டா அவரு சக்கரை எம்புட்டுன்னு உங்க போன்லயே தெரியும்னுச்சு. அந்த நம்பர்தான் இது. இந்தா பாருங்க, கண்ணாடி விரிசலுக்கு இந்தப் பக்கம். நூத்திப் பன்னெண்டு.

சக்கரை எனக்கில்ல தம்பி, எம் மகன் சூர்யபிரகாசுக்கு. பதினோரு வயசுல வந்துச்சு. சோத்துக்கு முன்னாடி ஊசி போடணும். இப்ப ஓசூர்ல வேலை.

விளாங்குடி ஸ்டாப்புல பஸ்ஸை விட்டு எறங்கையில போன் கை தவறி விழுந்துருச்சு. நானும்தான் விழுந்தேன். முட்டியைப் பாக்கல, நம்பர் இருக்கான்னுதான் பாத்தேன். சிரிக்கிறீகளா? சிரிங்க.

நம்பர் காலையில எட்டரைக்கு ஏறும். பொங்கல் தின்னா மத்தியானம் வரைக்கும் எறங்காது. ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் அசையாது, தூங்குறான். எழுபதுக்குக் கீழ போனா இது கத்தும். மீனாச்சித் தாயேன்னு கூப்புட்டுக்கிட்டே, அவன் ரூமுக்குக் கீழ இருக்குற டீக்கடைக்குப் போனைப் போட்டுருவேன். அண்ணே, மாடி ரூமுக்குச் சீனி தூக்கலா ஒரு டீ, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாதீகன்னு. கால் மணி நேரத்துல நம்பர் ஏறும். குடிச்சுட்டான்.

அவனுக்கே போன் பண்ணலாம்தான்.

ஐயோ, ரீசெட்டு வேணாம் தம்பி! போட்டோ போகட்டும், சாமி பாட்டு அம்புட்டும் போகட்டும். இதை அழிச்சுட்டுத் திரும்பப் போட்டா, அம்மா பாக்கலாமான்னு அவன் போனுக்குக் கேள்வி போகுமாம். இப்ப அவன் பாருன்னும் சொல்லலை, பாக்காதன்னும் சொல்லலை. அப்படியே இருக்கட்டும்.

எங்கூடப் பேசி ரெண்டு வருசமாச்சு. அவனாவே பாத்த ஒரு பொம்பளப்பிள்ளையைக் கட்டிக்கிறேன்னான். மத்தியான நேரம், ஊசி போட்டுட்டு இலையில உக்காந்துட்டான். எங்க வீட்டுக்காரரு, இந்தச் சோத்துல கை வைக்காதடான்னுட்டாரு. எந்திரிச்சுப் போயிட்டான். ஊசி போட்டவன் சாப்பிடாம இருந்தா மயக்கம் போட்டு விழுந்துருவான், எனக்குத் தெரியும்ல? கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ரெண்டு வாய் தின்னுட்டுப் போடான்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அப்புறம் சாமி படத்துக்கு முன்னாடி உக்காந்து இந்த நம்பரையே பாத்துக்கிட்டு இருந்தேன். தொண்ணூறு, எழுபது, அம்பத்தெட்டு. அதுக்கப்புறம் ஏறுச்சு. எந்த மகராசியோ எம் புள்ளைக்கு எதையோ தின்னக் குடுத்திருக்கா.

கட்டிக்கிட்டான் போல. மாடிக்கு இப்பல்லாம் ரெண்டு டீ போகுதாம்.

கண்ணாடியை மட்டும் மாத்துங்க தம்பி. முடியலைன்னா ஒடைஞ்சபடியே குடுத்துருங்க.