காவிக்கட்டியில் வரைந்த பிள்ளை

கதவைச் சாத்திவிட்டு நெருப்புப் பக்கம் வாருங்கள். இது என் நண்பன் யோஸின் பெரியப்பா லீவெனுக்கு நடந்தது.

நடுநிசி. ஆன்ட்வெர்ப்பில் ஸ்கெல்ட் ஆற்றங்கரைப் பாதை. ஈ காக்கை இல்லை. லீவென் மட்டும் போகிறான், சட்டைக்குள் ஓர் ஈரக் காகிதத்தோடு.

அவன் ஓர் ஓவியரிடம் சீடன். அந்த ஓவியர் அரசருக்குத் தூதரும்கூட. சண்டை போடும் ராஜாக்களுக்கு நடுவே சமாதானம் பேச ஸ்பெயினுக்குப் போயிருந்தார். போகும்போது வீட்டுச் சாவியைக் கொடுத்து, “அந்தப் பெட்டியை மட்டும் தொடாதேடா” என்றார். பெட்டி நிறைய அவருடைய கோட்டோவியங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, எட்டு வயதில் காய்ச்சலில் செத்துப்போன மகனின் முகம், சிவப்புக் காவிக்கட்டியால் அவரே வரைந்தது. அந்தப் பிள்ளைக்கு வேறு படமே கிடையாது.

தொடாதே என்றால் கை சும்மா இருக்குமா? பெட்டியைத் திறந்தான். ஐயா கை வரைந்த அந்தக் கோடு தனக்கும் வேண்டும் என்று ஆசை. ஈரக் காகிதத்தைப் படத்தின் மேல் வைத்து அழுத்தினால் நகல் இறங்கும்; பட்டறைப் பையன்கள் எல்லாரும் செய்கிற திருட்டுதான். இவன் ஈரத்தை அதிகமாக்கிவிட்டான். பிரித்தபோது... முகம் மொத்தமும் ஈரக் காகிதத்துக்கு வந்திருந்தது. படத்தில் வெறும் கறை.

“செத்த பிள்ளைய இன்னொரு தரம் கொன்னுட்டியேடா பாவி!” என்று தன்னையே அறைந்துகொண்டான். ஆனால் ஒப்புக்கொள்ளத் தைரியம் இல்லை. கறையின் மேல் தானே ஒரு முகம் வரைந்து வைத்தான். காகிதத்தில் இருந்த திருட்டு முகத்தை ஆற்றில் போடத்தான் இந்த நடுநிசியில் வந்தான்.

போட்டான். காகிதம் விழுந்தால் சத்தம் வருமா? வந்தது... தொபுக்கென்று. ஆள் விழுந்த மாதிரி.

திரும்பி நடந்தான். பின்னால் சளக்... சளக்... வெறுங்கால். நின்றால் அதுவும் நின்றது. நனைந்த காவியின் மண்வாசனை மூக்கில் ஏறியது. “மன்னிச்சுடு தம்பி, மன்னிச்சுடு” என்று சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

வீட்டில் விளக்கு எரிந்தது. ஐயா வந்துவிட்டார்! பயணத் தூசியோடு, லீவென் கறை மேல் வரைந்து வைத்த படத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அழுதிருந்தார்.

“ஊர் ஊரா சுத்துனதுல இவன் முகமே மறந்து போச்சுடா லீவென். இப்பத்தான் உசிரு வந்துச்சு. இதேதான்... இதே கண்ணு.”

உண்மை தொண்டை வரை வந்தது. “ஆமாங்கய்யா” என்றான்.

அவர் தலையை நிமிர்த்தி, அவனுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

“யாரு வீட்டுப் பிள்ளைடா இது? சொட்டச் சொட்ட நிக்குது... என்னையே பாத்து அழுவுது. கூட்டிட்டுப் போய் அவங்க அப்பன்கிட்ட விட்டுட்டு வா.”