அப்பா பெயர் எழுதும் இடம்

மஸ்கெலியா பஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற, தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்காகப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே தோட்டத்து உபதேசியார் சொன்னார்:

“ஆதாமுக்குக் கடவுள் கொடுத்த தகப்பன் அதிகாரம்தான் வழிவழியா ராஜாவுக்கு வந்துச்சுன்னு அந்தக் காலத்துலயே சீமையில எழுதி வச்சிருக்காங்க. நமக்குத் தோட்டத்துத் தொரைதான் தகப்பன். அவரை எதுத்துப் பேசலாமா?”

“அப்ப அப்பா பேரு கேட்ட எடத்துல தொரை பேரையே எழுதுங்கய்யா.”

“வெளையாடாதம்மா. அப்பா இந்த நாட்டுல பொறந்திருக்கணும். தொரை சீமையில பொறந்தவரு.”

“எங்கப்பா திருச்சியில பொறந்தாரு, அவரும் ஆகாது. நீங்க குடுத்த அப்பாவும் ஆகாது. என்னங்கய்யா இது!”

அவள் சிவனொளிபாத மலையைக் காட்டினாள்.

“அதைத் தொரை ஆதாம் மலைன்னுதானே சொல்றாரு? ஆதாமையே எழுதுங்க. அவராவது இந்த ஊருக்காரரா இருந்துட்டுப் போகட்டும்.”