தேர்தலுக்காக ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

தேர்தல் அறிவிக்கப்பட்டால், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். கம்பத்தில் அவ்வாறு ஒப்படைக்க வந்தோரின் வரிசையில், குடும்ப அட்டை தொலைந்த புகாருடன் நானும் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவரும், சுருளிப்பட்டியைச் சேர்ந்த ஓர் அம்மாளும் ஆளுக்கொரு துப்பாக்கியுடன் நின்றனர்.

“எனக்குக் காட்டுப்பன்னித் தொல்லை. ஒனக்கும் அதானா ஆத்தா?”

“பன்னிக்கு நாய் போதும்ண்ணே. இது என் கொழுந்தனுக்கு.”

பெரியவர் சிரித்தார். அம்மாள் சிரிக்கவில்லை.

“எங்க வீட்டுக்காரரு எறந்ததுலருந்து, திராட்சைத் தோட்டத்த எழுதிக் குடுன்னு அருவாளோட வர்றான். தோட்டத்து வீட்டுல நான் ஒத்தையில கெடக்கேன். இது சொவத்துல தொங்குறதப் பாத்துத்தான் வாசப்படி தாண்டாம நிக்கான்.”

“அய்யய்யோ! இத உள்ள வாங்கி வச்சா, ஓட்டு எண்ணி முடியத்தான தருவாக?”

“அதச் சொல்லித்தான் அழுதேன். எல்லாருக்கும் ஒரே சட்டம்னுட்டாக.”

“இங்கன குடுத்தது அவனுக்குத் தெரியாமப் பாத்துக்க ஆத்தா.”

“எங்கிட்டுத் தெரியாம? துப்பாக்கியோட பஸ்ல ஏறக் கூடாதுன்னு எறக்கி விட்டாக. இன்னைக்குள்ள குடுக்காட்டி கேஸாம். அவன்தான் பின்னாலயே பைக்குல வந்து ஏத்திக்கிட்டான். அந்தா, வேப்பமரத்தடியில நிக்கான்.”

எழுத்தர் அம்மாளின் துப்பாக்கியை வாங்கி உள்ளே வைத்தார். மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

“மதினி, குடுத்தாச்சா? வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

அம்மாள் வெறுங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நடந்தார்.

அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் தேவைப்படும். இவ்விவரத்தைத் தயைகூர்ந்து பத்திரமாக வைத்திருங்கள்.