கையொப்பமிட மறுத்த செயலருக்கு நாங்கள் கையொப்பமிட்டுத் தரும் மடல்

முறை தவறா மன்றச் செயலரே! முகத்துக்கு அஞ்சா மூத்தவரே! விதிநூலை விரல்நுனியில் வைத்து, வீண்பேச்சை வாசற்படியில் நிறுத்தியவரே! எங்கள் பிழைகளோடு எங்கள் பிற்பகல் தூக்கத்தையும் திருத்திய எம் மேடம் அவர்களே! வணங்குகிறோம்.

‘சிவப்பு மை’ என்று நாங்கள் தங்களுக்குப் பட்டப்பெயர் வைத்தது தங்களுக்கு என்றோ தெரியும். தெரிந்தும், மை தீர்ந்த அன்று எங்களிடமே வாங்கி வரச் சொன்னீர்கள். அந்தக் குறும்பையும் இன்று சேர்த்தே வழியனுப்புகிறோம்.

விடைபெறு விழா மடல்களில் மகிழ்ச்சி பொங்குவதாக எழுதுவார்கள். எங்களுக்கு அது வரவில்லை. இன்று மாலை தாங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். வரும் மாதம் பிறந்ததும் இந்தப் பேரூராட்சி மன்றமே இல்லாமல் போகிறது. தகுதிச் சான்று பெற்ற செயலர் இல்லாத மன்றம் தனித்து இயங்கக் கூடாது என்பது சட்டம். இந்தச் சம்பளத்துக்கு வெளியிலிருந்து ஒருவரும் வரவில்லை. தங்கள் பணி நீட்டிப்பை மேலிடம் மறுத்துவிட்டது. ஆகவே பக்கத்துப் பெருநகர மன்றம் நம்மை விழுங்குகிறது. எங்களில் சிலர் இரண்டு பேருந்து மாறி அங்கே போவோம். தினக்கூலிக்காரர்களான காவலருக்கும் துப்புரவு அக்காவுக்கும் அங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

தட்டச்சராக இந்தக் கட்டடத்துக்குள் வந்த தங்களுக்கு யாரும் எதையும் கற்றுத் தரவில்லை. கைக்குழந்தையைப் பதிவறை மேசைக்கடியில் உறங்க வைத்துவிட்டு, அஞ்சல்வழியில் படித்து, தகுதித் தேர்வில் தேறினீர்கள். தேறியவர்கள் பெரிய ஊருக்கு மாற்றல் கேட்பதே நடப்பு. தாங்களோ மதிய உணவுத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு அதே மேசையில் வகுப்பைத் தொடங்கினீர்கள். கூட்ட அறிவிப்பு எப்படி விடுவது, எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும், வரவுசெலவுத் திட்டத்தை எப்படிப் படிப்பது, கூட்டக் குறிப்பில் எதை எழுதுவது, எதை விடுவது என்று வாய் வலிக்கச் சொல்லித் தந்தீர்கள். நாங்கள் கொட்டாவி விட்டோம். தாங்கள் விடவில்லை.

மாதிரி மன்றக் கூட்டங்களை எப்படி மறப்போம்! ஓட்டுநர் அண்ணன் தலைவராக நடித்தார். அந்தத் தோரணை இறங்காமல் ஒரு வாரம் ஜீப்பை ஓட்டினார். துப்புரவு அக்கா எதிர்க்கட்சி. “என் தெருவுல விளக்கு எரியல, நீ என்னத்துக்குத் தலைவரு, எந்திரிய்யா!” என்று அவர் போட்ட சத்தத்தில், வரி கட்ட வந்தவர்கள் நிஜக் கூட்டம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். தன் மச்சான் கேட்கும் ஒப்பந்தம் விவாதத்துக்கு வரும்போது உறுப்பினர் வெளியேற வேண்டும் என்பது அன்றைய பாடம். உறுப்பினராக நடித்த காவலர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

“மச்சானுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே இல்ல மேடம். நான் எதுக்கு வெளியே போகணும்?”

“பேசலேன்னாலும் மச்சான் மச்சான்தான். எந்திரிச்சுப் போங்க.”

சிரித்தோம். அந்தப் பாடமே எங்கள் கழுத்துக்கு வரும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

எங்களில் எழுத்துத் தேர்வைத் தாண்டியவர் ஒருவர் மட்டுமே. வாய்க்கால் வெட்டும் கும்பலில் மண் சுமந்து, பின்பு வரி வசூல் சன்னலுக்கு வந்து, தங்கள் வகுப்பில் ஒரு நாளும் தவறாத தங்கை அவர். செய்முறைத் தேர்வு மட்டும் பாக்கி: உண்மையான மன்றக் கூட்டத்தில் அமர்ந்து குறிப்பு எழுத வேண்டும், பணியிலிருக்கும் செயலர் அதைப் படித்துப் பார்த்து, தகுதியுண்டு என்று கையொப்பமிட வேண்டும். தாங்கள் கையொப்பமிட்டால் அவர் அடுத்த செயலர். மன்றம் பிழைக்கும். எங்கள் அடுப்பும் எரியும்.

அன்றைய கூட்டத்தில் தெருவிளக்கு ஒப்பந்தம் துணைத்தலைவரின் மைத்துனருக்குப் போனது. துணைத்தலைவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்து கையும் தூக்கினார். தங்கையின் குறிப்பிலோ, ‘துணைத்தலைவர் அவையை விட்டு வெளியேறினார்’ என்று இருந்தது. தங்கள் அறைக் கதவு திறந்தே கிடந்ததால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

“அவரு வெளியே போனாரா?”

“இல்ல மேடம்.”

“அப்புறம் ஏன் போனாருன்னு இருக்கு?”

“எழுதச் சொன்னாரு. என் வீட்டுக்காரர் ஓட்டுற தண்ணி லாரி அவரு கையில இருக்கு மேடம். உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும். எழுதுனது யாரு?”

“நான்தான்” என்றார் தங்கை.

தகுதியில்லை என்று எழுதினீர்கள். குறிப்பைத் திருத்தினீர்கள். ஒப்பந்தம் கலைந்தது. அந்த வாரமே தங்கையின் கணவர் லாரியிலிருந்து இறக்கப்பட்டார். அதை எதிர்த்துத் தாங்கள் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதிலில்லை. மூன்று தெருக்கள் இருட்டிலேயே கிடக்கின்றன.

தகுதியில்லை என்று தாங்கள் எழுதிய அன்று மாலையே நாங்கள் கும்பலாகத் தங்கள் அறைக்குள் வந்தோம். கணக்கர் அண்ணன் கும்பிட்டே கேட்டார்: “ஒரே ஒரு கையெழுத்து மேடம். பத்துப் பன்னண்டு குடும்பத்துச் சோறு. அந்தப் புள்ள வேணும்னா செஞ்சுச்சு?”

“வேணும்னு செய்யல. பயந்து செஞ்சா” என்றீர்கள். “செயலர் நாற்காலியில உக்காந்தா தினமும் ஒருத்தன் பயமுறுத்துவான். முதல் நாளே வளைஞ்சவளை அதுல உக்கார வெச்சுட்டு நான் வீட்டுக்குப் போய் எப்படிங்க சாப்பிடுவேன்?”

“நாங்க எப்படி மேடம் சாப்பிடுவோம்?” என்று துப்புரவு அக்கா கேட்டார். பல நாள் தங்களோடு யாரும் பேசவில்லை. தேநீர் வைத்துவிட்டுப் போனோம், ஆறிப்போனதைக் குடித்தீர்கள்.

நேர்மையின் நெடுந்தூணே என்று இங்கே விளித்தால் அழகாக இருக்கும். ஆனால் தூண் நிற்கிறது. கூரைதான் எங்கள் தலையில் விழுந்தது. தாங்கள் செய்தது சரியென்று எங்களில் பாதிப்பேர் சொல்கிறோம். மீதிப்பேர் இன்னும் மனம் ஆறவில்லை. சரியென்று சொல்பவர்களுக்கும் வயிறு எரிகிறது. ஆனாலும் தங்கள் கையொப்பம் உள்ள தாளை இந்த ஊரில் யாரும் இரண்டாம் முறை திருப்பிப் பார்த்ததில்லை என்பதில் எங்களுக்குள் பேதமில்லை. அந்த ஒன்றுக்காகவே இந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தருகிறோம்.

கண்ணொளி குன்றாது, கைந்நடுக்கம் காணாது, காலையில் மணியடித்தாலும் எழுந்திருக்க வேண்டாத உறக்கத்தோடு, பேரப்பிள்ளைகள் புடைசூழ நெடுங்காலம் வாழ்க! மருத்துவச் செலவு வாராமல் வாழ்க! வழியில் எங்களைக் கண்டால் நின்று பேசுங்கள். நாங்களும் நின்று பேச முயல்வோம்.

இப்படிக்கு,
மன்ற அலுவலர்கள் பதினொருவர்.

பின்குறிப்பு: இந்த மடலை வரி வசூல் சன்னலுக்கும் கொண்டுபோனோம். தங்கை முழுவதும் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். “நான் போடமாட்டேன். எனக்கு இன்னும் கோவம் தீரல.” ஊருக்குப் போயிருந்ததால் அவர் கையொப்பமிட இயலவில்லை என்று நாசூக்காகப் போட்டுவிடலாமா என்று கணக்கர் கேட்டார். “நான் எந்த ஊருக்கும் போகல, இங்கதான் இருக்கேன். கேட்டோம், முடியாதுன்னு சொல்லிட்டாள்னே எழுதுங்க” என்றார்.

பன்னிரண்டாமவர் கையொப்பமிட மறுத்தார். அவ்வாறே பதிவு செய்கிறோம்.