சின்ன லென்ஸ் போட்ட நாள்

ஸ்டேஷனில் உங்கள் ஆள் என்னை எடுத்த படத்தைப் பார்த்தேன் ஐயா. மூக்கு கத்திரிக்காய் மாதிரி வந்திருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. செல்போனை அவ்வளவு கிட்டத்தில் பிடித்தால் முன்னால் இருப்பது ஊதிப் பெருத்துவிடும், பின்னால் இருப்பது சுருங்கி எங்கேயோ ஓடிவிடும். கொஞ்சம் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் குற்றவாளி மாதிரியே தெரிந்தால் உங்களுக்குத்தான் குழப்பம்.

முதலில் அந்த மண் வண்டி ஓட்டுநரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நெட்டை செத்தது அவரால் இல்லை. எதற்குச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

நெட்டை என் மனைவியின் தம்பி. மாமனார் போன பிறகு என் வீட்டில்தான் வளர்ந்தான். தொழிலும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். கம்பெனிகளின் பெரிய பெரிய இயந்திரங்களைப் படம் எடுத்துக் கொடுப்போம். வெறும் இயந்திரத்தை எடுத்தால் அதன் உயரம் யாருக்கும் உறைக்காது. முன்னால் ஒரு ஆள் நிற்க வேண்டும். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் வீட்டிலேயே இருக்க, வெளியே எதற்குத் தேடுவது? தொப்பியைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நிற்பான். ஓடுகிற வண்டியாக இருந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். பார்த்தால் படம் கெட்டுவிடும். யார் கேமராவைப் பிடிக்கிறார்களோ அவர்தான் மற்றவனின் முதுகுக்குக் காவல். எழுதி வைத்த சட்டம் இல்லை, எங்களுக்குள் அப்படி ஒரு பழக்கம்.

அதில் ஆபத்தும் இல்லை. தூரத்தில் நின்று நீள லென்ஸில் எடுத்தால், பின்னால் இருக்கும் வண்டி ஆளின் தோளில் ஏறி உட்கார்ந்த மாதிரி தெரியும். உண்மையில் நடுவே ஒரு பஸ்ஸையே நிறுத்தலாம். லென்ஸின் வாயை முழுசாகத் திறந்து வைத்தால், யாரைக் குறி வைத்தோமோ அவர் மட்டும் துல்லியமாக இருப்பார். அவருக்குப் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். கண்ணால் காண்பதும் பொய் என்பார்களே, எங்களுக்குச் சோறு போட்டதே அந்தப் பொய்தான்.

போன மாதம் ஆல்பம் போடும் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். ஏதோ கம்பெனி விருந்து. நெட்டை வாய் நிறையச் சிரிக்கிறான். அவன் தோளோடு தோளாக எதிர்க்கடைக்காரர். எங்கள் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கொத்திக்கொண்டு போகிறாரே, அவர்தான். பின்னால் கூட்டமெல்லாம் வண்ணக் குழம்பு. "உங்க மாப்ள அந்தப் பக்கம் சாஞ்சிட்டாரு போலயே" என்று நண்பர் கேட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது ஐயா. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் எப்படி இருக்கும்? உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது.

நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நெட்டையின் முகத்தில் முடி முடியாகத் தெரிந்தது. எதிர்க்கடைக்காரரின் முகம் லேசாகக் கரைந்திருந்தது. அப்படியென்றால் அவர் பக்கத்தில் இல்லை, இரண்டு மூன்று மேசை பின்னால் யாரோடோ பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நீள லென்ஸ் அவரை இழுத்துக்கொண்டு வந்து ஒட்டவைத்திருக்கிறது. இது கூடத் தெரியாமலா இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தேன்? ஆனால் சிரிப்பு சிரிப்புதானே. அப்படி ஒரு சிரிப்பை அவன் எங்கள் வீட்டில் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

"தம்பி முகமே சரியில்ல, என்னன்னு ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்று என் மனைவியும் சொன்னாள். கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான். எந்தத் திருடன் ஒத்துக்கொண்டிருக்கிறான்?

நேற்று எதிர்க்கடைக்காரர் துக்கம் விசாரிக்க வந்தார். "எவ்வளவோ கூப்பிட்டேம்மா, மாமாவை விட்டு வரமாட்டேன்னு ஒரே பிடியா நின்னுட்டான்" என்று என் மனைவியிடம் சொல்லி அழுதார். செத்தவனைப் பற்றி யார்தான் கெட்டது சொல்வார்கள்?

அந்த நாளுக்கு வருகிறேன். மண் அள்ளும் பெரிய வண்டி. வாளியைத் தூக்கியபடி மெல்ல முன்னால் வர வேண்டும், அதன் முன்னால் நெட்டை நிற்க வேண்டும். வாளி உயர்ந்திருந்தால் கீழே நிற்கும் ஆள் ஓட்டுநருக்குத் தெரியாது. ஓரமாக ஏணி மேல் நிற்கும் என்னைத்தான் தெரியும். நான் கை தூக்கினால் நிறுத்துவதாகப் பேச்சு. சுற்றிலும் வேறு வண்டிகளின் இரைச்சல்; எது கிட்டே வருகிறது என்று காதை வைத்துச் சொல்ல முடியாது.

நான் பையிலிருந்து எடுத்ததைப் பார்த்து நெட்டை கேட்டான்: "என்ன மாமா, இன்னைக்கு சின்ன லென்ஸ்?"

"கம்பெனி முதலாளிக்கு ஆகாயமும் சேர்ந்து வரணுமாம்டா."

"அப்ப வண்டி ரொம்பக் கிட்ட வரணுமே?"

"நான் பாத்துக்கறேன்."

சரி என்று போய் நின்றான். தொப்பியைக்கூட நேராக்கிக்கொண்டான்.

சின்ன லென்ஸில் கிட்டத்தில் இருப்பதும் எட்டத்தில் இருப்பது போலத்தான் தெரியும். தெருவே மைதானமாகிவிடும். வண்டி வந்தது. லென்ஸுக்குள் அது இன்னும் பொம்மை அளவுதான். கையைத் தூக்க வேண்டிய நேரம் வந்ததா என்றால், லென்ஸைப் பொறுத்தவரை வரவில்லை. எந்த நிபுணரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேளுங்கள். என் கேமராவில் இருக்கும் கடைசிப் படத்தையும் காட்டுங்கள். நடுவில் நிறைய இடம் இருப்பதாகத்தான் சொல்வார்.

திரும்பாமலே கத்தினான். "மாமா, போதுமா? காலுக்குக் கீழ தரை ஆடுது."

"இன்னும் இடமிருக்குடா. சிரி."

சிரித்தான். நான் சொன்னால் செய்வான்.

அதனால்தான் விபத்து என்கிறேன். லென்ஸ் காட்டியதை நான் நம்பினேன், நான் சொன்னதை அவன் நம்பினான். இதில் என் மனசாட்சி உறுத்த ஒன்றுமில்லை. என் மனைவி கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

கடைசிப் படத்துக்கும் வண்டி அவனைத் தொட்டதற்கும் நடுவே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன் ஐயா, விலை உயர்ந்த லென்ஸ், தூசி படக்கூடாது. இடமிருக்கு என்று அதற்குப் பிறகுதான் சொன்னேன்.