அருவி பாக்கத்தான் போறோம்

— இந்த வயசுல அருவியில குளிக்கற ஆச எங்கேர்ந்து வந்துது பூங்கோத? நம்மூரு மணிமுத்தாத்துல தண்ணி ஓடுனப்பகூட கரையில நின்னு கால் நனைச்சவதான நீ.

— ஏங்க, ஆசைக்கு என்னாங்க வயசு? செராமிக் சூள வாசல்ல நின்னு நின்னு உங்க ஒடம்பே வெந்து கெடக்குது. குற்றாலத் தண்ணி தலையில வுழுந்தா சூடெல்லாம் எறங்கிடுமாம்.

— யாரு சொன்னா?

— எல்லாரும்தான் சொல்றாங்க.

— நம்ம தெருவுல குற்றாலம் போனவங்க யாரு இருக்காங்க? பெண்ணாடத்தத் தாண்டுனவங்களே கொஞ்சம் பேருதான்.

— டி.வி.ல காட்டுனாங்க. கேளுங்களேன், இப்ப ஆனி மாசமா, சாரல் ஆரம்பிச்சிட்டுதாம். மழைன்னும் சொல்ல முடியாது, பனின்னும் சொல்ல முடியாது, மூஞ்சியில சன்னமா வந்து ஒட்டுமாம். நம்ம ஜங்ஷன்ல ராத்திரி ரயிலு ஏறுனா அங்க போயி விடியும்.

— எத்தினி அருவி இருக்குது அங்க?

— மெயின் அருவி, அஞ்சருவி, பழைய குற்றாலம், புலியருவி... இன்னும் இருக்குது. உங்களுக்கு முட்டி வலிக்குதில்ல, அஞ்சருவியே போதும். ரொம்ப ஏற வேணாம். வண்டிய நிறுத்திட்டு கொஞ்ச தூரம் நடந்தா தண்ணிதான்.

— எந்த வண்டிய?

— ஆட்டோவத்தான் சொன்னேன்.

— அது சரி. சீசன்ல கூட்டம் அள்ளுமே.

— விடிகாலையில போயிட்டா கூட்டம் இல்ல. ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். குளிச்சிட்டு ஏறுனா பசி வயித்தக் கிள்ளும்ங்க. நேரா பார்டர் கடைக்குப் போயி புரோட்டா தின்னலாம்.

— கொரங்கு உண்டா?

— நெறைய இருக்குது. கையில பை வச்சிருந்தா புடுங்கிக்கும். அதனால கடையில வச்சிட்டுதான் குளிக்கப் போவணும்.

— எந்தக் கடையில?

— அங்க இருக்கற ஏதோ ஒரு கடையில.

— ஏதோ ஒரு கடைக்காரன் நம்ம பையக் காவல் காத்துக்கினு ஒக்காந்திருப்பானா? நல்ல ஊருதான் போ. தங்கறது எங்க?

— அதுக்கு வூடு இருக்குது. வூடு மாதிரின்னு சொல்ல வந்தேன், லாட்ஜுதான். மாடியில ஒரு ரூமு. சன்னலத் தொறந்தா மல தெரியுமாம்.

— எல்லாம் சரி, சனிக்கிழம சூள பத்த வைக்கறாங்களே. பத்த வச்சிட்டா, ஆறி சரக்க எறக்கற வரைக்கும் நான் நகர முடியாது, தெரியுமில்ல?

— அத நெனச்சாதான் எனக்குக் கவலையா இருக்குது. மொதலாளிய ஒரு தடவ கேட்டுத்தான் பாருங்களேன்.

— கேட்டாச்சு. எங்கூட வேல பாக்கற கோவிந்தசாமி சூளையப் பாத்துக்குவாரு.

— எப்பக் கேட்டீங்க? நானே இப்பதான பேச்ச எடுக்கறேன்?

— முட்டி வலின்னு பொதுவா சொல்லி வச்சேன். நீ மேல சொல்லு. லாட்ஜுக்காரன் பேரு என்னா?

— பேரு எதுக்குங்க?

— போயி எறங்கி யாருன்னு கேக்கறது? என்னா, வாயில கொழுக்கட்டையா?

— அன்பரசன்.

— அதான பாத்தேன். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்குற.

— எந்திரிக்காதீங்க, ஒக்காருங்க. சொல்லிடறேன். லாட்ஜும் இல்ல ஒண்ணும் இல்ல. அது நம்ம கயலு வூடு. நீங்க வேலைக்குப் போனப்புறம் தெனம் அவகூட போன்ல பேசிக்கினுதான் இருக்கறேன். பெத்த வயிறு கேக்கலிங்க.

— குற்றாலத்துல கட போடறேன், பொம்ம வேணும்னு வந்து நின்னான் அந்த அன்பரசன். மலைப் பாதையில ஒடஞ்சிடக் கூடாதேன்னு ஒவ்வொரு பொம்மைக்கும் நானே வைக்கோலு சுத்திக் கட்டிக் குடுத்தேன். அந்த லோடு பின்னாடியே எம் பொண்ணும் கெளம்பிப் போயிட்டா.

— தெரியாதா எனக்கு? அன்னிக்கே கொளஞ்சியப்பர் கோயில்ல போயி, இனி அவகூட ஒரு வார்த்த பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்க. அவ தெக்க இருக்கறா, அந்தப் பக்கம் தலகூட வைக்க மாட்டேன்னு, ஆவாதுன்னு தெரிஞ்சும் வடக்க தல வச்சுப் படுக்கறீங்க. சரிங்க, பேச வேணாம். நீங்க பாட்டுக்கு அருவியில நில்லுங்க. நான் போயி அந்தக் கொழந்தைய ஒரு தடவ தூக்கிட்டு வந்துடறேன். நடக்க ஆரம்பிச்சிட்டாளாம். இதுக்கு மேல என்னால தாங்க முடியாதுங்க.

— அழுவாத. பீரோ மேல ஒரு பை இருக்குது, எடு.

— இது என்னாங்க, கவுனா? பூ போட்டு அழகா இருக்குதே. யாருக்கு?

— உம் பேத்திக்கு.

— இம்மாம் பெருசா? ஸ்கூலு போற புள்ளைக்கில்ல இது ஆவும்.

— அளவு பாத்துதான் வாங்குனேன். சுருங்குமேன்னு கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

— துணி என்னா களிமண்ணா, சூளையில போட்டா சுருங்கறதுக்கு? மோல்டுக்கு அளவு கூட்டற மாதிரியா கவுனுக்கும் கூட்டுவாங்க?

— கைப்பழக்கம், வுடு. வளர்ற புள்ளதான.

— அது கெடக்கட்டும். அளவு பாத்தேன்னீங்களே, எத வச்சுப் பாத்தீங்க?

— கதவாண்ட நிக்க வச்சு போட்டோ அனுப்புனா.

— யாரு, கயலா? உங்களுக்கா? அப்ப சத்தியம் என்னாங்க ஆச்சு?

— பேச மாட்டேன்னுதான சத்தியம். இன்னி வரைக்கும் ஒரு வார்த்த பேசல. வாட்ஸப்புல எழுதறத சாமி கணக்குல எடுத்துக்காது.

— அடப் பாவி மனுசா. அப்பறம் எதுக்கு இத்தன நேரம் எத்தினி அருவி, கொரங்கு உண்டான்னு கேட்டு என்ன வறுத்தெடுத்தீங்க?

— நீ எவ்ளோ தூரம் போவேன்னு பாத்தேன். லாட்ஜு வரைக்கும் போவேன்னு நெனைக்கல.

— எனக்கா இதெல்லாம் தெரியும்? அவதாங்க சொல்லிக் குடுத்தா. பொண்ணப் பாக்கன்னு கூப்பிட்டா அப்பாவுக்கு ரோஷம் வுடாதும்மா, அருவியப் பாக்கன்னு கூப்பிடு, கண்டிப்பா வருவாருன்னு.

— அப்பிடிக் கூப்பிடச் சொல்லி அவளுக்கு எழுதிப் போட்டதே நாந்தான.