மறுப்பதற்கு ஒருவர் இருந்தார்

தலைமை ஏற்றிருக்கும் இகராஷி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி சிஹோகோ குவாபரா அவர்களே, கொதோரி நிரல்மொழியின் மின்னஞ்சல் குழுவில் இத்தனை காலம் எழுத்தாக மட்டுமே எனக்குத் தெரிந்து, இன்று நாகானோவில் முகமாகத் தெரியும் நண்பர்களே, வணக்கம்.

நம் மொழியைக் கட்டிக்காத்த பெரும் நிரலாளர் குவாபரா தொமொயுகி அவர்கள் இல்லை என்கிறார்கள். கேட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. இன்னும் தோன்றவில்லை.

"அவருக்கும் உங்களுக்கும் ஆகவே ஆகாதே, நீங்களா பேசப் போறீங்க?" என்று வாசலில் ஒருவர் கேட்டார். ஆமாம், நான்தான் பேசுகிறேன்.

சலவைக்கடை நடத்திக்கொண்டே, புத்தகம் பார்த்து நிரல் எழுதப் பழகியவன் நான். குழுவின் விதிகளையும் அப்படித்தான் படித்தேன். திருத்தம் அனுப்பி ஒரு வாரம் யாரும் மறுக்காவிட்டால் அது சம்மதம். தவறான தேதியைக் கொடுத்தால் நிரல் உடனே நின்றுவிட வேண்டும் என்று ஒரு திருத்தம் அனுப்பினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மொழியில் சேர்த்தேன். மறுநாளே குவாபரா அவர்கள் அதை எடுத்துவிட்டார்! ஒரு சொல் விளக்கம் உண்டா? இல்லை! அன்று நான் குழுவில் எழுதியதை எல்லாரும் படித்தீர்கள். அதில் ஒரு வரியைக்கூட இன்றும் நான் திரும்பப் பெறவில்லை.

அந்த ஆண்டுக் கூட்டத்தில்தான் முதன்முதலாக நேரில் பார்த்தோம். சோபா என்னும் நூடுல்ஸ் விற்கும் கடையில் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டார்கள்.

"பிடிக்கலைன்னா எழுத வேண்டியதுதானே? கை என்ன சுளுக்கிக்கிச்சா?" என்றேன்.

"வயசுல பெரியவர் நீங்க. நாலு பேர் பாக்கிற இடத்துல எப்படிங்க வேணாம்னு சொல்றது? பேசாம இருந்தாலே புரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சேன்."

"எதிர்ல உக்காந்து பேசாம இருந்தா புரியும். மெயில்ல பேசாம இருந்தா, நீங்க கோவமா இருக்கீங்களா, குளிக்கப் போயிருக்கீங்களான்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?"

அவர் நூடுல்ஸைக் குச்சியால் கிளறினார். "சரி, இனிமே எழுதறேன். தாங்குவீங்களா?"

"எழுதித்தான் பாருங்களேன்."

எழுதினார்! அன்று முதல் நான் எதை அனுப்பினாலும் அவர் பதிலின் முதல் வரி "மறுக்கிறேன்". கீழே பக்கம் பக்கமாகக் காரணம். மற்றவர்களுக்கு அவர் அப்படி எழுதியதே இல்லை. பகை என்று நினைத்தீர்கள். பகைவனுக்கு யார் இவ்வளவு காரணம் சொல்வார்கள்? நேற்று அவர் மனைவி சிஹோகோ அம்மையார் சொன்னார்: "உங்க மெயில் வந்தா மட்டும் நல்ல சட்டையா மாத்திக்கிட்டு உக்காருவாருங்க."

உயர்ந்த மனிதர். அந்தத் தேதித் திருத்தத்தை அவர் எடுத்தது தவறு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள். ஏற்கிறேன். அவர் இறந்த மறுநாள், அதே தேதித் திருத்தத்தைக் குழுவுக்கு மறுபடி அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று கேட்காதீர்கள். இன்றோடு ஒரு வாரம். ஒருவரும் மறுக்கவில்லை. விதிப்படி சேர்த்துவிடலாம்.

சேர்க்க மாட்டேன். திரும்பப் பெறவும் மாட்டேன்.

குவாபரா அவர்களின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய எல்லாரும் சொன்னீர்கள். அப்படியானால் உங்களில் யாராவது ஒருவர், வீடு திரும்பியதும் "மறுக்கிறேன்" என்று எழுதுங்கள். கீழே காரணத்தையும் எழுதுங்கள்.

நான் பதில் எழுதுவேன்.